ஹார்டு டிஸ்க் கம்பெனிக்காரங்களுக்கு சேலத்துல இருந்து ஒரு திறந்த மடல்

ஹார்டு டிஸ்க்கும் நாஸ் டப்பாவும் (டிஸ்க்க உள்ள போட்டு நெட்வொர்க்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவா வெக்கிற பெட்டி) செஞ்சு இந்தியாவுல விக்கிற எல்லா கம்பெனிக்கும், அதுலயும் டப்பா மேல என்ன அச்சடிக்கணும்னு முடிவு பண்ற ஆபீசருங்க யாரோ அவங்களுக்கு முக்கியமா, வணக்கம்ங்க.

நான் சேலம் அம்மாபேட்டைல கல்யாண ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் பண்றவன். உங்க சரக்கு இல்லாம எங்க தொழில் ஒரு நாள் ஓடாது. ரெண்டு வீடியோ கேமரா, கேண்டிட் எடுக்க தனியா ஒரு ஆளு, மேல ஒரு ட்ரோன், எல்லா கார்டையும் காப்பி பண்ணி முடிச்சா ஒரே கல்யாணத்துக்கு அரை டிபி வந்து நிக்குது, ஆவணியிலயும் தையிலயும் ஒரே முகூர்த்தத்துல ரெண்டு மூணு ஆர்டர் விழுந்துட்டா டேபிள் மேல டிரைவ் அடுக்கவே இடம் இருக்காது. அதனால தெரிஞ்சவங்கள்ல யாரு டிரைவ் வாங்கறதா இருந்தாலும், மத்த ஸ்டூடியோக்காரங்க, வெள்ளிக் கொலுசுக்கு கம்ப்யூட்டர்ல டிசைன் போடுற பசங்க, ஆடிட்டர் ஆபீஸ்காரங்க, பசங்க போட்டோவெல்லாம் ஒரே இடத்துல வெக்கணும்னு வீட்டுக்கு நாஸ் வாங்க நினைக்கிறவங்க, எல்லாரும் எனக்கு போன் போட்டு கேக்குறது ஒரே கேள்வி தான், "அண்ணா, எந்த கம்பெனி நல்லது?"

இதுக்கு சேலத்துல கிடைக்கிற பதில நீங்க ஒரு தடவ நேர்ல வந்து கேக்கணும். அஞ்சு ரோட்டு பக்கம் ஒரு கடைல சீகேட்ட தொடாதீங்க போயிடும்ம்பாங்க, அதே ரோட்டுல நாலு கடை தள்ளி போனா டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) தான் ரிட்டர்ன் வருது சீகேட் ஒண்ணு கூட வந்ததில்லம்பாங்க. ஒரு பெரியவரு இன்னமும் சாம்சங் ஹார்டு டிஸ்க் தான் வேணும்னு அடம் பிடிக்கிறாரு, அந்த பிசினஸ 2011லயே சீகேட் வாங்கிருச்சுங்கய்யான்னா என்னமோ நான் கமிஷன் வாங்குற மாதிரி பாக்குறாரு. ஹிட்டாச்சி தான் பெஸ்ட்னு ஒரு கோஷ்டி இருக்கு, அத 2012ல வெஸ்டர்ன் டிஜிட்டல் எடுத்துருச்சு. சுழல்ற டிஸ்க் செய்யறது இப்ப உலகத்துலயே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூணு பேரு தான், ஆனா எங்க ஊர்ல அபிப்பிராயம் முப்பது இருக்கு, ஒவ்வொரு அபிப்பிராயத்தையும் தோண்டிப் பாத்தா அடியில செத்துப்போன ஒரே ஒரு டிரைவ் கிடக்கும்.

ஆன்லைன் ரிவ்யூவும் இதே லட்சணம் தான். டெலிவரி ஆன அன்னிக்கே அஞ்சு ஸ்டார், பேக்கிங் சூப்பர்னு. டிரைவ பத்தி சொல்றதுக்கு மூணு வருஷம் ஆகுமே தம்பி, அட்டைப்பெட்டிக்கா ஸ்டார் குடுக்குற? இன்னொருத்தரு 4 டிபின்னு வாங்கினேன் கம்ப்யூட்டர்ல 3.63 தான் காட்டுது ஏமாத்திட்டாங்கன்னு ஒரு ஸ்டார் போடுவாரு. இதுல உங்க மேல தப்பு இல்ல, நீங்க 1 டிபிய லட்சம் கோடி பைட்டுன்னு எண்றீங்க, விண்டோஸ் 1024, 1024னு பெருக்கி எண்ணுது, அவ்வளவு தான் விஷயம். ரெண்டு நம்பரையும் டப்பாவுல போட்டா இந்த புலம்பல் நின்னுரும், போட மாட்டேங்கிறீங்க.

நான் சொல்ல வந்ததும் இது தான். ஜனங்க இப்படி வாய்க்கு வந்தத பேசுறாங்கன்னா காரணம் ஜனங்க மட்டும் இல்ல. பேசறதுக்கு வேற விவரம் எதையும் நீங்க கண்ணுல காட்டறதில்ல. டப்பா மேல இருக்கிறது கலர், ஒரு பேரு, எத்தனை டிபி, அப்புறம் "அதிகபட்சம்"னு ஆரம்பிக்கிற ஒரு ஸ்பீடு. அதிகபட்சத்த வெச்சு நான் என்ன பண்ண, எனக்கு குறைந்தபட்சம் தானே வேணும்!

நாஸ் டிரைவோட டேட்டா ஷீட்ட எடுத்துப் பாருங்க. எம்டிபிஎஃப், அதாவது ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவுல சராசரி நேரம், 10 லட்சம் மணி நேரம்னு போட்டிருக்கும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், வகுத்தா 114 வருஷம் வருது. வாரன்டி மட்டும் 3 வருஷம். சாதாரண ஆளு இத படிச்சா என்ன நினைப்பான், அடேங்கப்பா பேரன் காலம் வரைக்கும் ஓடும் போலன்னு தானே நினைப்பான். அந்த நம்பருக்கு உண்மையான அர்த்தம் என்னன்னா, ஆயிரம் டிரைவ ஒரு வருஷம் விடாம ஓட்டுனா சுமார் ஒம்போது போகும். இத இப்படியே டப்பாவுல எழுதுங்களேன், அந்த ஒம்போதுல ஒண்ணு நம்மளுதா இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒவ்வொருத்தனும் யோசிப்பான், பேக்கப்புக்குன்னு ரெண்டாவது டிரைவ் வாங்குவான், உங்களுக்கும் யாவாரம் தானே.

அமெரிக்காவுல பேக்பிளேஸ்னு ஒரு பேக்கப் கம்பெனி இருக்கு. அவங்க டேட்டா சென்டர்ல ஓடுற டிரைவ்ல எந்த மாடல் எவ்வளவு போச்சுன்னு 2013ல இருந்து வெளிப்படையா போட்டுட்டு வராங்க. லட்சக்கணக்குல டிரைவ் ஓடுது, மொத்தமா எடுத்தா வருஷத்துக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு தான் போகுது. சீகேட்டோட 3 டிபி மாடல் ஒண்ணு அவங்ககிட்ட கொத்து கொத்தா போச்சு, 2016ல அதுக்கு அமெரிக்காவுல கேஸே போட்டாங்க, ஆனா அதே சீகேட்டோட 4 டிபி மாடல் அதே அவங்ககிட்ட நல்லாத்தான் ஓடுச்சு. அப்ப கேள்வி கம்பெனி இல்லங்க, மாடல். இத நான் எங்க ஊர் ஸ்டூடியோக்காரங்ககிட்ட சொல்லி சொல்லி வாய் வலிக்குது. அதுவும் அவங்களுது ஏசி போட்ட இடம், எங்களுது சித்திரை வெயில்ல நாப்பது டிகிரி அடிக்கிற மாடி ரூம், அதனால அந்த கணக்கு எங்களுக்கு அப்படியே பொருந்தும்னும் சொல்ல முடியாது. எங்களுக்கு பொருந்துற கணக்கு உங்க சர்வீஸ் சென்டர்ல தானே இருக்கு, எந்த மாடல் இந்தியாவுல எத்தனை ரிட்டர்ன் வந்துச்சுன்னு. அத ஒரு தடவயாவது வெளிய விட்டிருக்கீங்களா?

அடுத்தது எஸ்எம்ஆர். இதுக்கு தான் எனக்கு நெஜமாவே கோவம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், கூரைக்கு ஓடு போடுறப்ப ஒரு வரிசை மேல அடுத்த வரிசை கொஞ்சம் ஏறி உக்காரும்ல, அந்த மாதிரி டேட்டா வரிசைய ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏத்தி எழுதுறது தான் எஸ்எம்ஆர். அதே தட்டுல கூட டேட்டா அடங்கும், செலவு மிச்சம். ஆனா நடுவுல ஒரே ஒரு ஓட்ட மாத்தணும்னா மேல இருக்கிற வரிசையெல்லாம் எடுத்துட்டு மறுபடி அடுக்கணும். அதனால டிரைவ் என்ன பண்ணுதுன்னா வர்றத முதல்ல தனியா ஒரு இடத்துல அவசரமா எழுதி வெச்சுக்கிட்டு, நாம சும்மா விட்ட நேரத்துல பொறுமையா அடுக்குது. நாம எங்கங்க சும்மா விடறோம்? நைட்டு பதினோரு மணிக்கு மண்டபத்துல இருந்து வந்து கார்ட சொருகி 400 ஜிபிய தள்ளுறோம், காலைல அடுத்த முகூர்த்தம். நொடிக்கு 150 எம்பில போயிட்டிருந்தது அந்த தனி இடம் நிரம்புனதும் 20, அப்புறம் 10னு படுத்துக்கும், மீதி நேரம்னு கம்ப்யூட்டர் காட்டுறது ஒரு மணி நேரத்துல இருந்து ஏழு மணி நேரத்துக்கு தாவும். பசங்க கேபிள் சரியில்லன்னு மாத்துவாங்க, விண்டோஸ மாத்துவாங்க, கடைசில கடைக்காரர திட்டுவாங்க.

நாஸ்ல போட்டா இதவிட மோசம். ரெய்டுல, அதாவது ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி பல டிரைவ சேத்து வெக்கிற முறைல, ஒரு டிரைவ் போனா புதுசு சொருகி மொத்தத்தையும் திரும்ப எழுதணும், ஓய்வே இல்லாத எழுத்து, எஸ்எம்ஆருக்கு ஆகவே ஆகாத வேலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னோட ரெட் டிரைவ நாஸுக்குன்னே செஞ்சதுன்னு சொல்லித்தான் வித்துச்சு, அதுல 2 டிபில இருந்து 6 டிபி வரைக்கும் சத்தமே இல்லாம எஸ்எம்ஆருக்கு மாத்துனது 2020 ஏப்ரல்ல தான் வெளிய வந்துச்சு. சாதா டிரைவ் ஒரு நாளுக்குள்ள முடிக்கிற ரீபில்டுக்கு அது ஒம்போது நாளுக்கு மேல எடுத்துச்சுன்னு வெளிநாட்டுல டெஸ்ட் பண்ணி காட்டுனாங்க. அப்புறம் கேஸு, செட்டில்மென்டு, எஸ்எம்ஆர் இல்லாததுக்கு ரெட் பிளஸ்னு புதுப்பேரு. சீகேட்டும் தோஷிபாவும் டெஸ்க்டாப் டிரைவ் சிலதுல நாங்களும் அப்படித்தான்னு அந்த களேபரத்துல தான் சொன்னாங்க. இப்ப எல்லாரும் வெப்சைட்ல லிஸ்ட் போட்டிருக்கீங்க, நல்லது, ஆனா கடைல நிக்கிறவன் கைல இருக்கிறது டப்பா தானே, வெப்சைட் இல்லையே.

சமீபத்துல ஒரு கடைல ஒரு 4 டிபி டிரைவ காட்டுனாங்க. கடைத்தம்பி வெள்ளிக் கவர பிரிக்காம டியூப் லைட்டுக்கு கிட்ட தூக்கிப் பிடிச்சான், நான் போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சேன், கவரோட பளபளப்புல எழுத்தே தெரியல, அப்புறம் ஒரு பக்கமா மடக்கிப் பிடிச்சு படிச்சோம். டிபி பெரிய எழுத்துல, சீரியல் நம்பர், பார்கோடு, 5 வோல்ட் 12 வோல்ட், தேதி, எந்த நாட்டுல செஞ்சது, நாடு நாடா சர்டிபிகேட் முத்திரை, குப்பைத்தொட்டி மேல பெருக்கல் குறி போட்ட படம். ஒரு புளியங்கொட்டை அகலம் இடம் கூட மிச்சம் இல்ல. அத்தனை இருந்தும் உள்ள எப்படி எழுதும்ங்கிற மூணெழுத்து மட்டும் இல்ல. மாடல் நம்பரோட வால தேடித்தான் கண்டுபிடிக்கணும், நான் சொன்ன அந்த பழைய ரெட்ல இஎஃப்ஆர்எக்ஸ்னு முடிஞ்சா சாதா, இஎஃப்ஏஎக்ஸ்னு முடிஞ்சா எஸ்எம்ஆர், நடுவுல ஒரே எழுத்து தான் வித்தியாசம். டோனர் வாங்க வந்த ரெண்டு பேரு நாங்க ஏதோ கள்ள நோட்டு பாக்குறோம்னு நினைச்சு தள்ளி நின்னுட்டாங்க.

எஸ்எம்ஆர் கெட்டதுன்னு நான் சொல்லல. டெலிவரி முடிஞ்ச ஆல்பத்த காப்பி பண்ணி அலமாரில வெக்கிறதுக்கு அது தாராளமா போதும், நானே வாங்குறேன். கையடக்க போர்ட்டபிள் டிரைவ்ல 2 டிபிக்கு மேல போனா இப்ப எல்லாமே கிட்டத்தட்ட அது தான். சொல்லிட்டு வித்தா யாரு சண்டைக்கு வரப் போறா. போர்ட்டபிள்ல இன்னொரு விஷயமும் சொல்லாம விக்கிறீங்க, சிலதுல யூஎஸ்பி சாக்கெட் நேரா டிரைவோட போர்டுலயே பத்த வெச்சிருக்கும், பாஸ்வேர்டு போடாட்டியும் உள்ள டேட்டா லாக் ஆகித்தான் உக்காந்திருக்கும். சாக்கெட் ஆடிப்போச்சுன்னா உள்ள இருக்கிறத கழட்டி வேற கேஸ்ல போட்டு பாத்துக்கலாம்னு நம்ம ஆளுங்க தைரியமா இருப்பாங்க, கழட்டுன அப்புறம் தான் அது முடியாதுன்னு தெரியும்.

சுத்துற வேகத்துலயும் விளையாட்டு. "5400 கிளாஸ்"னு போட்டு வித்த டிரைவ் நெஜத்துல 7200ல சுத்துதுன்னு 2020லயே சத்தத்த மைக்ல பிடிச்சு கண்டுபிடிச்சாங்க, நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா நொடிக்கு 120, அதாவது 120 ஹெர்ட்ஸ் சத்தம் வரும்ங்கிறது சாதா கணக்கு. அதிகமாத்தானே குடுத்திருக்காங்க என்ன நஷ்டம்னு கேட்டாரு ஒரு நண்பர். படுக்கை ரூம் பக்கத்துல நாஸ் வெச்சிருக்கிறவருக்கு சூடும் சத்தமும் நஷ்டம் இல்லையா?

புதுசுன்னு வாங்குறது புதுசு தானாங்கிறதே இப்ப சந்தேகமா போச்சு. 2025 ஆரம்பத்துல ஜெர்மனில சீகேட் டிரைவ் பலது, டேட்டா சென்டர் வகை, புதுசுன்னு வித்தது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுன பழசுன்னு தெரிய வந்துச்சு. எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு டிரைவே எழுதி வெக்கிற ஸ்மார்ட் கணக்க ஜீரோ பண்ணிட்டாங்க, ஆனா உள்ள ஃபார்ம்னு இன்னொரு பதிவு இருக்கு, அது காட்டிக் குடுத்துருச்சு. சியாங்கிற கிரிப்டோ காயின் மைனிங்ல ஓடுன டிரைவுங்கன்னு பேச்சு. எங்க பக்கத்துல இருந்து போகலன்னு சீகேட் சொல்லுச்சு, விசாரிக்கவும் செஞ்சாங்க, சரி. ஆனா அந்த உள்பதிவ பாக்குற வழிய டப்பாவுல ஒரு கியூஆர் கோடா போடுங்க, போன்ல ஸ்கேன் பண்ணி தமிழ்ல படிக்கிற மாதிரி. சீரியல் நம்பர அடிச்சா இது இந்தியாவுக்குன்னு வந்த சரக்கா, வாரன்டி எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு பில் போடுறதுக்கு முன்னாடியே கடைலயே தெரியணும். வாங்கி ஒரு வருஷம் கழிச்சு இது வேற நாட்டு சரக்கு இங்க வாரன்டி செல்லாதுன்னு மெயில் வர்றப்ப 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுன பில்ல கைல வெச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அந்த மெயில் வந்திருக்கு, எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம், படிக்கிறப்ப அவங்களுக்கே தெரியும்.

வாரன்டின்னு பேச்சு வந்ததால சொல்றேன், எங்க தொழில்ல நெறைய பேரு செத்த டிரைவ திருப்பி அனுப்பறதே இல்ல. அதுக்குள்ள ஒரு குடும்பத்தோட கல்யாணம் மொத்தமும் இருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க அனுப்புன பழைய போட்டோ இருக்கு, அத கூரியர்ல போட்டு எங்கயோ அனுப்பி, அங்க யாரு திறந்து பாப்பாங்கன்னு தெரியாம, பதிலுக்கு ரிப்பேர் பண்ணுன இன்னொரு டிரைவ வாங்கறதுக்கு எங்களுக்கு மனசு வரல. சர்வரும் லேப்டாப்பும் விக்கிற பெரிய கம்பெனிங்க கொஞ்சம் காசு வாங்கிட்டு செத்த டிரைவ நீங்களே வெச்சுக்கோங்கன்னு ஆபீஸ்களுக்கு ஒரு ஸ்கீம் தர்றாங்கல்ல, அது எங்க மாதிரி சின்ன ஸ்டூடியோவுக்கும் வேணும். நாங்க காசு குடுக்க தயார்.

இப்ப நாஸ் டப்பா செய்யறவங்களுக்கு. ஏற்காட்டுல காபி எஸ்டேட் நடுவுல ஹோம்ஸ்டே நடத்துற ஒரு நண்பர் இருக்காரு, கேமரா ரெக்கார்டிங்கும் வீட்டு போட்டோவும் ஒரே நாஸ்ல. டிரைவ் கடல் மட்டத்துல இருந்து 3,000 மீட்டர் வரைக்கும் ஓடும்னு டேட்டா ஷீட்ல போடுறீங்க, ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், சூடும் கம்மி, அந்த வகைல அங்க டிரைவுக்கு சொர்க்கம் தான். ஆனா கோடை மழைல இடி இறங்கறப்ப அங்க கரண்டு போயி வந்து போயி வர்றத நீங்க பாக்கணும், எழுதிட்டு இருக்கிறப்பவே தலைய தூக்கிட்டு உக்காரும் டிரைவ். மழை நாள்ல ஈரம் வேற. கீழ அம்மாபேட்டைல எங்களுக்கு மின்னல் கம்மி, பதிலுக்கு பவர்லூம் லைன்ல வோல்டேஜ் ஆட்டம், மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்டு கட். நாஸ் கூடவே யூபிஎஸ்சும் வாங்குங்க, யூஎஸ்பி கேபிள் போட்டா கரண்டு போனதும் நாஸ் தானே ஒழுங்கா ஆஃப் ஆயிக்கும்னு டப்பா மேல ஒரு வரி போட்டா என்ன? அந்த வசதி உங்க நாஸ்ல ஏற்கனவே இருக்கு, வாங்குனவங்களுக்கு தான் தெரியல.

அத விட பெரிய விஷயம் அப்டேட். வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ்னு ஒரு வீட்டு ஸ்டோரேஜ், 2015க்கு அப்புறம் அப்டேட்டே கிடையாது, 2021 ஜூன்ல நெட் வழியா எவனோ புகுந்து உலகம் பூரா நெறைய பேரோட டேட்டாவ துடைச்சு விட்டுட்டான். ஆறு வருஷமா அப்டேட் இல்லங்கிறது வெச்சிருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு தெரியும்? கியூநாப் நாஸ்ல 2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒண்ணு வந்து ஃபைல பூட்டிட்டு பிட்காயின் கேட்டுச்சு. மருந்து பாட்டில்ல காலாவதி தேதி போடறது சட்டம், நாஸ் டப்பால "இந்த தேதி வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவோம், அதுக்கப்புறம் நெட்ல இருந்து கழட்டிருங்க"ன்னு போட எந்த சட்டமும் வேண்டாம், மனசு இருந்தா போதும்.

நாஸ் செய்யற சினாலஜிக்கும் ஒரு வார்த்தை. 2025 பிளஸ் மாடல்கள்ல எங்க டிரைவும் நாங்க ஒத்துக்கிட்ட டிரைவும் தான் போடணும்னீங்க, உலகம் பூரா ஜனங்க திட்டுன திட்டுல அக்டோபர்ல புது சாஃப்ட்வேரோட அத வாபஸ் வாங்குனீங்க. வாங்குனது நல்லது. ஆனா வாடிக்கையாளர் அபிப்பிராயம் சேந்து ஒரே விஷயத்த குறி வெச்சா எவ்வளவு பெரிய கம்பெனியும் இறங்கி வரும்னு அதுல தான் நாங்க கத்துக்கிட்டோம், அந்த தெம்புல தான் இந்த மடலே எழுதுறேன்.

நான் கேக்குறதுக்கு புது டெக்னாலஜி எதுவும் வேண்டாம், மை மட்டும் போதும். எழுதுற முறை சிஎம்ஆரா (ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம எழுதுற சாதா முறை) எஸ்எம்ஆரா, சுத்துற வேகம் நெஜமா எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை டிபி எழுதி படிச்சா தாங்கும்னு கணக்கு போட்டு செஞ்சீங்க (டெஸ்க்டாப்புக்கு 55, நாஸுக்கு 180னு டேட்டா ஷீட்ல சீகேட்டே போடுது, அத டப்பாவுக்கு கொண்டு வாங்க), வாரன்டி முடியற தேதி, நாஸா இருந்தா அப்டேட் முடியற தேதி. எழுத்து சைஸ் டார்ச் இல்லாம படிக்கிற அளவுக்கு. ஏற்காட்டு நண்பர் கேமராவுக்கு பர்ப்பிள் கலர் போடணுமா ரெட் கலர் போடணுமான்னு (வெஸ்டர்ன் டிஜிட்டல் டிரைவ் வகைக்கு கலர் பேரு தான் வெக்குது) இன்னும் கலர வெச்சு தான் கேக்குறாரு, கேமரா டிரைவுங்கிறது நாள் பூரா விடாம எழுதறதுக்குன்னு செஞ்சதுன்னு நான் விளக்க வேண்டியிருக்கு, அது என் வேலையா?

இதுக்கு பதில் எழுதறதா இருந்தா "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஆட்டோ ரிப்ளை வேண்டாம்ங்க. எந்த மாடல்ல இருந்து டப்பா மேல இத போட ஆரம்பிக்கிறீங்கன்னு அந்த மாடல் நம்பர மட்டும் சொல்லுங்க. வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னாடி எங்க ஸ்டூடியோ நாஸுக்கு நாலு டிரைவ் வாங்கணும், பக்கத்து ஸ்டூடியோக்காரங்களும் நான் எத வாங்குறேன்னு பாத்துட்டு தான் வாங்கப் போறாங்க.

இப்படிக்கு,
அம்மாபேட்டைல இருந்து ஒரு ஆல்பம் டிசைனர், சேலம்